சர்க்கரை இருந்தும் சக்தி இல்லாத கால்கள்

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நமது உரிமைகளைப் பற்றிப் பேசுவோம். கல்வியைப் பற்றிப் பேசுவோம். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவோம். இன்று கெண்டைக்காலைப் பற்றிப் பேசப் போகிறேன். சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் மருத்துவச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். "சர்க்கரைப் புண், காலை எடுத்துவிட்டார்கள், உதவி செய்யுங்கள்" என்று கேட்பவர்கள் அவர்களில் எத்தனை பேர்? நேற்றுவரை கடை நடத்தியவர்கள், சைக்கிளில் துணி விற்றவர்கள், மண்டியில் மூட்டை இறக்கியவர்கள் அவர்கள். கால் போனதும் தொழில் போயிற்று. தொழில் போனதும் மகனின் படிப்பு நின்றது, மகளின் நிக்காஹ் தள்ளிப்போயிற்று. ஒரு கால் போவதால் ஒரு குடும்பமே முடமாகிறது.

நாமும் பத்து ரூபாயோ நூறு ரூபாயோ போட்டுவிட்டுப் போகிறோம். அந்தக் கால் போகாமல் இருந்திருக்க முடியுமா என்று யாராவது யோசித்தோமா? பெரும்பாலான கால்களைக் காப்பாற்றியிருக்க முடியும் என்பதுதான் உண்மை. அதைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

இது யாரோ நாலு பேருடைய நோய் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியானது. அதன்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். இந்த மண்டபத்தில் உள்ள நாற்காலிகளை எண்ணிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாசலில் சரக்கு, கிடங்கு காலி

சர்க்கரை நோய் என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? ரத்தத்தில் இனிப்பு கூடிவிட்டது, இனிப்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். இது பாதி உண்மைதான். ரத்தத்தில் சர்க்கரை ஏன் தேங்குகிறது? அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்பதால் தேங்குகிறது. அந்த இடங்களில் மிகப் பெரியது நமது தசை.

உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தசை. அதிலும் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் கெண்டைக்காலிலும் உள்ளன. நாம் சாப்பிட்ட சோறும் புரோட்டாவும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் வருகின்றன. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசையின் சுவரில் போய் ஒட்டியதும், தசைக்குள் மடங்கிக் கிடக்கும் குளுட்-4 என்ற கடத்திகள் சுவருக்கு வந்து கதவாக நின்று சர்க்கரையை உள்ளே இழுக்கின்றன. உள்ளே வந்த சர்க்கரையில் ஒரு பகுதி உடனே எரிகிறது. மீதி கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமிக்கப்படுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் தசைகளில் 400 கிராம் அளவுக்கு இந்தச் சேமிப்பு இருக்கும். கல்லீரலில் 100 கிராம் அளவுக்கு இருக்கும்.

வணிகர்களுக்கு இதை விளக்குவது எளிது. லாரியில் சரக்கு வந்து கிடங்கு வாசலில் நிற்கிறது. சாவி கொண்டு வருபவர்தான் இன்சுலின். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் அவர் சாவியைப் போட்டும் பூட்டு இறுகிப்போய்த் திறப்பதில்லை. பூட்டை இறுகச் செய்வது எது? உழைப்பில்லாத உடம்பில் மிஞ்சும் கொழுப்பு தசைக்குள்ளேயே போய்ப் படிகிறது. அந்தக் கொழுப்பிலிருந்து உண்டாகும் சில பொருட்கள் இன்சுலினின் கட்டளையைத் தசைக்குள் செல்லவிடாமல் தடுக்கின்றன. வெளியே லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ரத்தத்தில் 250, 300 என்று சர்க்கரை ஓடுகிறது. உள்ளே கிடங்கில் சரக்குத் தட்டுப்பாடு! "நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், காலில் மட்டும் தெம்பில்லை" என்று சர்க்கரை நோயாளி சொல்வதில் ஒரு காரணம் இதுதான். அதை வயதின் மீது பழிபோட்டு விட்டுவிடுகிறோம்.

சில்லறைக் கணக்கு

தசை சுருங்கி விரிய ஏ.டி.பி. என்ற நாணயம் வேண்டும். தசையின் கையிருப்பில் உள்ள ஏ.டி.பி. இரண்டு மூன்று விநாடிக்குத்தான் தாங்கும். உடனே கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருள் கைகொடுக்கிறது. கல்லாப்பெட்டியில் அவசரத்துக்குப் போட்டு வைத்திருக்கும் சில்லறை அது. அதுவும் வேகமான வேலையில் பத்து விநாடி அளவில் கரைந்துவிடும். பிறகு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துத்தான் ஏ.டி.பி. உண்டாக்க வேண்டும்.

எரிப்பதற்குப் பிராணவாயு வேண்டும். பிராணவாயு இருந்தால் தசைக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகளில் ஒரு சர்க்கரை மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கிறது. பிராணவாயு இல்லாவிட்டால் அதே சர்க்கரையிலிருந்து 2 மட்டுமே கிடைக்கும். 30 ரூபாய் பெறும் சரக்கை 2 ரூபாய்க்கு விற்றால் கடை எத்தனை நாள் ஓடும்?

நடந்து முடித்து நின்றதும் தசை மீண்டும் சில்லறையை நிரப்பிக்கொள்கிறது. எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்பதை, ஊசி குத்தாமல், காந்தக் கருவியின் உதவியால் கெண்டைக்காலிலேயே அளக்க முடியும். ரத்தநாள அடைப்பு உள்ள காலில் இந்தச் சில்லறை நிரம்பத் தாமதமாகிறது. அதனால்தான் சிலர் நான்கு கடை தூரம் நடந்துவிட்டு ஐந்தாவது கடையின் திண்ணையில் உட்கார வேண்டியிருக்கிறது.

குழாய் அடைத்தால்...

சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக ஓடினால் ரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது. கொழுப்பும் சுண்ணாம்பும் படிகின்றன. சர்க்கரை நோயில் குறிப்பாக முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்கள் சுருங்குகின்றன. மிக மெல்லிய நுண்குழாய்களின் சுவரும் தடிக்கிறது.

உட்கார்ந்திருக்கும்போது கெண்டைக்காலுக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். அதனால் ஒன்றும் தெரியாது. நடக்கும்போது அதே தசைக்குப் பல மடங்கு ரத்தம் தேவை. குழாய் சுருங்கியிருந்தால் அந்த ரத்தம் வராது. ரத்தம் வராவிட்டால் பிராணவாயு வராது. தசை 2 ரூபாய் வியாபாரத்துக்கு இறங்குகிறது. கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, வலிக்கிறது. நின்றால் சில நிமிடங்களில் வலி போய்விடுகிறது. மீண்டும் நடந்தால் ஏறத்தாழ அதே தூரத்தில் மீண்டும் பிடிக்கிறது. சகோதரர்களே! நடந்தால் பிடித்து நின்றால் விடும் வலியை வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக் கழிக்காதீர்கள்! ரத்தம் போதவில்லை என்று கால் எழுதி அனுப்பும் கடிதம் அது. காலில் இப்படிக் குழாய் அடைத்தவருக்கு இதயத்திலும் மூளையிலும் அதே அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. ரத்தம் குறைவதும் திரும்புவதுமாக நாள்தோறும் நடந்தால் தசைக்குள் இருக்கும் அடுப்புகளே பழுதாகின்றன. தசை மெலிகிறது. அதனால்தான் அறுவைச் சிகிச்சை செய்தோ பலூன் வைத்தோ குழாயைத் திறந்த பிறகும், நடந்து பழக்கினால்தான் கால் முழுப் பலனைப் பெறுகிறது.

வலி தெரியாதது நன்மையா?

"எனக்கு வலியே இல்லை, எனக்கு அடைப்பில்லை" என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம் அஞ்ச வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நரம்புகளையும் கெடுக்கிறது. முதலில் பாதம் எரியும், எறும்பு ஊர்வது போலிருக்கும். பிறகு மரத்துப்போகும். செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நரம்பு செத்த காலில் கெண்டைக்கால் வலியும் தெரியாமல் போகலாம்.

நரம்பு கெட்டால் பாதத்தில் உள்ள சிறு தசைகளும் சுருங்குகின்றன. விரல்கள் பறவையின் நகம்போல் மடங்குகின்றன. உடல் பாரம் முழுவதும் பாதத்தின் ஓரிரு இடங்களில் இறங்குகிறது. அங்கே தோல் காய்த்துப்போகிறது. காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கிப் புண்ணாகிறது. வலி தெரியாததால் அந்தப் புண்ணின் மேலேயே நடக்கிறார். ரத்தம் போதாததால் புண் ஆறவில்லை. சர்க்கரை கூடுதலாக இருப்பதால் கிருமி பெருகுகிறது. சர்க்கரை நோயால் எடுக்கப்படும் கால்களில் பெரும்பாலானவை இப்படி ஒரு சிறிய புண்ணில் தொடங்கியவைதான். ஆணி குத்தியது, புதுச் செருப்பு கடித்தது, காலாணியைப் பிளேடால் சீவியது என்றுதான் கதை ஆரம்பிக்கிறது.

ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் உலகத்துக்கே தோலும் காலணியும் அனுப்புகிற சமுதாயம் நாம். நம் வீட்டுப் பெரியவர் ஓரம் தேய்ந்த ரப்பர் செருப்பில் நடக்கிறாரே, அதைக் கவனித்தோமா? மரத்துப்போன காலுக்கென்று எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பர் அடிப்பாகம் கொண்ட செருப்பு கிடைக்கிறது. ஒரு கல்யாண விருந்தில் ஓர் இலைக்கு ஆகும் செலவோடு அதன் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தசையே மருந்து

இதுவரை பயமுறுத்தினேன். இனி நல்ல செய்தி. இன்சுலினின் சாவிக்குத் திறக்காத கதவு, தசை சுருங்கினால் திறக்கும்! நடக்கும்போது தசையின் உள்ளே நடக்கும் மாற்றமே குளுட்-4 கடத்திகளைச் சுவருக்கு அனுப்புகிறது. அதற்கு இன்சுலின் தேவையில்லை. முன்வாசல் பூட்டு இறுகியிருந்தாலும் பின்வாசல் வழியாகச் சரக்கு இறங்குகிறது. நடையை நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு நாள்வரை இன்சுலினுக்குத் தசை கூடுதலாகக் கட்டுப்படுகிறது. அதனால்தான் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது நடக்க வேண்டும், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

"நான் காலையிலிருந்து இரவுவரை கடையில் நிற்கிறேனே, அது போதாதா?" என்று ஜவுளிக்கடைச் சகோதரர்கள் கேட்பார்கள். போதாது. ஒரே இடத்தில் நிற்கும்போது தசை அசைந்து சுருங்குவது மிகக் குறைவு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடங்கள். சரக்கை எடுத்துவரப் பையனை அனுப்பாமல் நீங்களே போங்கள். சாப்பிட்டதும் சாய்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை இதனால் குறைகிறது.

கெண்டைக்கால் பிடிப்பவர்கள் நடக்கலாமா? அவர்களுக்கு நடைதான் முதல் சிகிச்சை. மருத்துவரிடம் காட்டி இதயத்தைச் சோதித்துக்கொண்ட பிறகு, வலி ஓரளவு வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மீண்டும் நடக்க வேண்டும். வாரத்தில் குறைந்தது மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம், மூன்று மாதம் தொடர்ந்தால் பலருக்கு வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடுகிறது. அடுப்புகள் திருந்துகின்றன. தசை கிடைக்கிற பிராணவாயுவைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது. ஆனால் பாதத்தில் புண் உள்ளவர் நடக்கவே கூடாது. அவருக்குப் புண் ஆறும்வரை உட்கார்ந்த நிலையில் கைப்பயிற்சிதான். அதேபோல் படுத்திருக்கும்போதே வலிப்பவர்கள், விரல் கறுத்தவர்கள் நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நடை மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல. 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டறிந்தார்கள். 1922இல் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. அதற்கு முன் முதல் வகைச் சர்க்கரை வந்த குழந்தைகள் எலும்பும் தோலுமாகி இறந்தார்கள். இப்படிக் கிடைத்த மருந்தை "இங்கிலீஷ் ஊசி வேண்டாம்" என்று ஒதுக்கிவிட்டு, "ஒரே மாதத்தில் சர்க்கரை ஒழியும்" என்ற விளம்பரத்தின் பின்னால் ஓடலாமா?

நோன்பும் பயணமும்

ரமளானைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 13 நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் 2001இல் ஓர் ஆய்வு நடந்தது. ரமளானில் இரண்டாம் வகை நோயாளிகளுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்த சம்பவங்கள் 7 மடங்குக்கு மேல் கூடியிருந்தன. காரணம் என்ன? தசையில் உள்ள சேமிப்பு தசைக்கே பயன்படும், ரத்தத்துக்குத் திரும்பாது. பட்டினி நேரத்தில் ரத்தச் சர்க்கரையைத் தாங்குவது கல்லீரலின் சிறிய சேமிப்புதான். மாத்திரையோ ஊசியோ அளவு மாற்றாமல் போட்டுக்கொண்டு, இஃப்தாருக்கு முன் வேக நடையும் நடந்தால் மயங்கி விழத்தான் செய்வார்கள்.

ஆகவே ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டுதல். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை மறுத்து உடலை அழிப்பது பக்தியாகாது. தராவீஹில் நின்று குனிந்து எழுவதும் தசைக்கு வேலைதான், அதை அன்றைய பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஹஜ், உம்ராவுக்குப் புறப்படுபவர்களும் கேளுங்கள். ஸஃபா மர்வா இடையே 7 முறை நடந்தால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். தவாஃபின் தூரம் தனி. தெருமுனைக்கே ஸ்கூட்டரில் போகிறவர் அங்கே போய் நடக்க முடியுமா? மூன்று மாதம் முன்பே நடக்கத் தொடங்குங்கள். செருப்பைத் தொலைத்துவிட்டுச் சுடும் தரையில் நடந்து, மரத்துப்போன பாதம் வெந்ததுகூடத் தெரியாமல் மருத்துவமனைக்கு வந்த சர்க்கரை நோயாளிகளைச் சவூதி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செருப்பைப் பையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள்.

இளைஞர்களே!

உங்களுக்கு ஒரு வார்த்தை. காலின் ரத்தக்குழாயை அடைப்பதில் சர்க்கரையும் புகையும் கூட்டாளிகள். சர்க்கரை நோய் உள்ளவர் பீடியோ சிகரெட்டோ பிடித்தால் தன் காலைத் தானே வெட்டுகிறார் என்று பொருள். நள்ளிரவு புரோட்டா, அதன் மேல் ஒரு பாட்டில் குளிர்பானம், காலை பதினோரு மணிவரை தூக்கம் என்று இருக்கும் உங்கள் தசைகளில் இன்றே கொழுப்பு படியத் தொடங்குகிறது. உங்கள் தந்தைக்கோ தாய்க்கோ சர்க்கரை இருந்தால் முப்பது வயது வரை காத்திருக்காதீர்கள். வெறும் வயிற்றில் 126, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. 6.5 என்பது நோயின் எல்லைக்கோடு. 100க்கு மேலே வெறும் வயிற்றுச் சர்க்கரை இருந்தாலே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம்.

உங்களுக்கு ஒரு பொறுப்பும் இருக்கிறது. ஒவ்வொரு மஹல்லாவிலும் இதைச் செய்யுங்கள்:

1. ஆண்டுக்கு இரண்டு முறை ஜமாஅத் சார்பில் சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்துங்கள். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். வீட்டை விட்டு நடக்க வாய்ப்பில்லாத நம் தாய்மார்களை மறந்துவிடாதீர்கள்.

2. முகாமில் ரத்தம் மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். காலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழே வரக்கூடாது. வந்தால் அடைப்பு. 1.4க்கு மேல் வந்தால் குழாய் சுண்ணாம்பேறி இறுகியிருக்கிறது, மேற்கொண்டு சோதிக்க வேண்டும்.

3. மருந்து வாங்க வசதியில்லாதவர்களை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. பதிவு செய்து கொடுக்க ஓர் இளைஞர் முன்வந்தால் போதும்.

4. ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேர நடைக்குழு தொடங்குங்கள். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்கட்டும்.

5. பெரியவர்களின் பாதத்தைத் தினமும் பாருங்கள். உளூச் செய்யும்போது தினமும் ஐந்து முறை பாதத்தைத் தொடுகிறோம். தொடும் கை பார்க்கவும் செய்யட்டும். காயம், கொப்புளம், நிறமாற்றம் இருக்கிறதா? விரலிடுக்கில் ஈரம் நிற்கிறதா? துடைத்து உலர்த்துங்கள். குனிய முடியாதவருக்கு மகன் பார்க்கட்டும், பேரன் பார்க்கட்டும். கொதிக்கும் வெந்நீரில் கால் வைக்க விடாதீர்கள்.

சகோதரர்களே! கால் போன பிறகு செயற்கைக் கால் வாங்கித் தர வசூல் செய்கிறோம். அதுவும் தேவைதான். ஆனால் கால் போகும் முன்பே ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு ஜோடி நல்ல செருப்புக்கும் தினம் அரை மணி நடைக்கும் வழி செய்துவிட்டால், பள்ளிவாசல் வாசலில் நீளும் அந்தக் கைகளில் பல அங்கே வராமலே இருக்கும். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் மற்ற தீர்மானங்களோடு இதையும் ஒரு தீர்மானமாக எழுதுங்கள். முகாமுக்கு நாளைக் குறித்து, பொறுப்பாளரின் பெயரையும் எழுதிவிட்டுக் கலையுங்கள்.

வல்ல இறைவன் நமக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக! அஸ்ஸலாமு அலைக்கும்.